வெள்ளைத் துணி தெரியாவிட்டால்

அக்கரப்பத்தனைப் பக்கம் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக்காம்பரா ரோட்டோரமாக ஒரு மேட்டில் இருந்தது. கைப்பிள்ளைக்காரிகள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, அங்கிருந்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவோம். ஒன்பதரைக்குத் தேத்தண்ணி நேரத்தில் ஒரு தரம், பகல் சாப்பாட்டுக்கு ஒரு தரம் இறங்கி வந்து பால் கொடுப்போம். நடுவில் ஏதாவது என்றால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வாசலில் நட்டிருந்த மூங்கிலில் ஒரு சிவப்புத் துணியை ஏற்றுவார். சிவப்பு தெரிந்தால் இறங்கி வர வேண்டும். தெரியாவிட்டால் வேலையைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். யார் போட்டது, எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியாது. என் அம்மா கொழுந்தெடுத்த காலத்திலும் அதுதான் இருந்தது.

அந்தச் சட்டத்தை மாற்றிப் பார்த்தோம். ஒன்றிரண்டு மாதம்தான். பேசிச் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற எழுத்து.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். மூத்தது பெண். இரண்டாவது பையன், ஆறு மாதப் பிள்ளை. காய்ச்சல் கொஞ்சம் கூடினால் போதும், அவனுக்கு இழுப்பு வந்துவிடும். கண் மேலே செருகும். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். முகம் நீலம் பூத்துவிடும். இழுப்பு வந்தால் ஈரத்துணியால் துடைத்து, தாமதிக்காமல் மருந்துக் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று தோட்டத்து மருந்தய்யா சொல்லியிருந்தார். ஆயாவால் அவனைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அவர் பொறுப்பில் இருபது பிள்ளைகளுக்கு மேல் இருந்தன, உதவிக்கு ஆளும் இல்லை. நான் இறங்கி வந்தால்தான் அவன் மருந்துக்குப் போய்ச் சேருவான். அதனால் மற்றவர்கள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மூங்கிலைப் பார்த்தால், நான் ஒவ்வொரு பிடி கொழுந்துக்கும் ஒரு தரம் பார்ப்பேன். என் கூடையில் கொழுந்து எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

வெயில் நாளில் பரவாயில்லை. பனிமூட்டம் போட்டுவிட்டால் பக்கத்து நிரையில் நிற்பவள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு தெரியாது, கீழே இருக்கிற மூங்கில் எங்கே தெரியும்? அப்படி ஒரு நாள் காலையில் ஆயா எட்டு மணிக்கே சிவப்பை ஏற்றியிருக்கிறார். தகரத்தைத் தட்டிப் பார்த்திருக்கிறார். காற்று அந்தச் சத்தத்தைத் தேயிலை அரைக்கிற ஸ்டோர் பக்கம் கொண்டுபோய்விட்டது. நாங்கள் மேலே, மூங்கிலில் ஒன்றும் தெரியவில்லை, அப்படியானால் ஒன்றும் இல்லை என்று கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தோம். ஒன்பதரைக்கு நான் வந்தபோது என் பிள்ளை கிழிந்த துணி மாதிரி ஆயாவின் மடியில் கிடந்தான். அதற்குள் மூன்று தரம் இழுத்துவிட்டதாம்.

மருந்தய்யா யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார், பேசினால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருக்கும். அன்றைக்கு ஆயாவைக் கடிந்துகொண்டார். ஆயா அழுததும் தணிந்து, சாயந்தரம் தானே பிள்ளைக்காம்பராவுக்கு வந்து மூங்கிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் மலையைக் கவனிக்கும் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டனுப்பினார். பிள்ளைகளைத் தூக்கிப் போக வந்திருந்த நாங்களும் இஸ்தோப்புத் திண்ணையில் நின்றோம்.

"நாங்கள் தலைகீழாச் செய்யிறம்," என்றார் மருந்தய்யா. "கெட்டது நடந்தால் துணி ஏத்துறம். ஏத்தினது தெரியாட்டி, எல்லாம் சுகம் எண்டு நினைக்கிறம். இனி நல்லா இருக்கேக்கை ஒரு வெள்ளைத் துணி பறக்கட்டும். ஏதும் எண்டால் இறக்குங்கோ. வெள்ளை தெரியாட்டி வாங்கோ. மூட்டம் மறைச்சாலும் வருவியள், துணி கிழிஞ்சு விழுந்தாலும் வருவியள். வராமல் இருக்கிறதை விட சும்மா வந்து போறது நல்லதுதானே."

எனக்கு அது சட்டென்று மனதில் இறங்கிவிட்டது. இத்தனை நாள் வெறும் மூங்கிலை நம்பியிருந்தோமே என்று நினைத்தேன். கணக்கப்பிள்ளை சிரித்தார்.

"அப்ப மூட்டம் போட்டா மலையில ஒரு பொம்பள நிக்க மாட்டா. மழக்காலம் பூரா வெள்ள தெரியல வெள்ள தெரியலன்னு எறங்கிருவாளுக. கொழுந்த நீங்களும் நானுமா எடுக்கறது?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசி, ஒரு மாதம் வைத்துப் பார்ப்போம், பிறகு தாய்மாரையே கேட்டு முடிவு செய்வோம் என்று நிறுத்தினார்கள். தோட்டத்துத் துரைக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். துணி எத்தனை தரம் இறங்கியது, யார் வந்தார்கள், வந்ததில் காரணம் இருந்ததா இல்லையா என்று எழுதி வைக்க ஆள் வேண்டும் என்றார் மருந்தய்யா. எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. எழுத மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு பழைய கொப்பியைக் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் வாரம் நல்ல வெயில். முன்பெல்லாம் மொட்டை மூங்கிலைப் பார்த்து மனதை ஆற்றிக்கொண்டவர்கள், இப்போது கீழே வெள்ளை ஆடுவதைப் பார்த்தோம். யாரோ நின்று கை காட்டுவது மாதிரி இருந்தது. இரண்டு தரம் இறங்கியது. இரண்டு தரமும் இறங்கிப் போனோம், பிள்ளைக்குச் சுகமில்லாதவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். என் கூடையும் கொஞ்சம் நிறைந்தது.

அடுத்த வாரம் மூட்டம் வந்தது. வெள்ளை தெரியவில்லை. சட்டப்படி பதினோரு பேர் கூடையைப் போட்டுவிட்டு ஓடினோம். பிள்ளைகள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஆயா வாசலில் நின்று, துணி இங்கதானடி பறக்குது என்று காட்டினார். அண்ணாந்து பார்த்தால் அது பனியோடு பனியாக இருந்தது. மறுநாளும் அப்படியே. என் பக்கத்து நிரையில் எடுக்கும் ஒருத்தி, எனக்கு மதினி முறை, எட்டு மாதப் பெண்பிள்ளைக்குத் தாய், வாய் அடங்காதவள், மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"பனிக்குள்ள வெள்ளத் துணியாம். எந்த மகராசன் யோசனையோ. கறுப்ப ஏத்தச் சொல்லுங்க."

கறுப்பைப் பிள்ளைகள் தலைக்கு மேல் ஏற்ற யாரும் சம்மதிக்கவில்லை. மஞ்சளில் முக்கி எடுத்த துணி ஒரே மழையில் வெளுத்துப்போனது. மூன்றாம் நாள் கணக்கப்பிள்ளை ரோட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இறங்கி வந்த அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிவிட்டு, இனி வெள்ளை தெரியாவிட்டால் ஒருத்தி மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், முறை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எங்களுக்கும் அது சரியாகப்பட்டது. ஓடி ஓடி முழங்கால் விட்டுப்போயிருந்தது.

போனவள் வந்து சொல்ல வேண்டும். வராவிட்டால் என்ன செய்வது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

என் முறை வந்த அன்றும் மூட்டம்தான், தேத்தண்ணி நேரம் முடிந்திருந்தது. கவ்வாத்து வெட்டி மொட்டையாகக் கிடந்த மலை வழியாகக் குறுக்கே இறங்கினேன். வாசலுக்குப் போனபோது மூங்கிலில் துணி இல்லை. ஆயா இறக்கிவிட்டிருந்தார். உள்ளே என் பையனுக்கு இழுப்பு. ஆயா ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு, "உம் மதினி மகளுக்கும் மேலு கொதிக்குது, வாந்தி வேற எடுக்குது, மேல போயி அவகிட்டச் சொல்லு, நான் இவனப் பாத்துக்கறேன்," என்றார். அது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்ல மாட்டேன். அவனை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு மருந்துக் காம்பராவுக்கு ஓடினேன்.

மேலே என்ன நடந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் வருவேன் என்று பார்த்திருக்கிறார்கள். வரவில்லை. ஏதாவது என்றால் வந்து சொல்லியிருப்பாளே, பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் கொழுந்தில் கை வைத்துவிட்டார்கள். துணி விஷயத்தில் எந்தத் தப்பை ஒழிக்க வெள்ளையை ஏற்றினோமோ, அதே தப்பு ஆள் உருவத்தில் திரும்பி வந்துவிட்டது. சேதி வரவில்லை என்றால் நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் ரத்தத்திலேயே ஊறியிருந்தது போலிருக்கிறது.

மதினி பகலுக்கு இறங்கி வந்தபோது அவள் மகள் கண் திறக்கவில்லை. கொழுந்து லொறியில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எட்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் கழுத்து நிற்காமல், திரும்பவும் பிறந்த பிள்ளை மாதிரி வந்தது.

அந்த எட்டு நாளும் நான் கொப்பியில் எழுதினேன். அந்த நாளுக்கான பக்கத்தில், துணி இறங்கியது, என் மகனுக்கு இழுப்பு, நான் போனேன் என்று எழுதினேன். திரும்பி மேலே போகவில்லை என்பதை எழுதவில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தேன். எழுதவில்லை.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பரா இஸ்தோப்பில் எங்கள் மலைப் பெண்களையெல்லாம் கூட்டினார்கள். ஆண்கள் சங்கக் கூட்டத்தில் கை தூக்குவதைப் பார்த்திருக்கிறோம். எங்கள் அப்பா ஒரு தரம் நாட்டு ஓட்டுப் போட்டிருக்கிறார், பிறகு குடியுரிமையை எடுத்துவிட்டதில் எங்கள் யார் பேரும் எந்த லிஸ்டிலும் இல்லை. பெண்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு எது வேண்டும், கை தூக்குங்கள் என்று கேட்டது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான். அதனால் எல்லாரும் தலை வாரி, நல்ல சேலை கட்டி வந்திருந்தோம்.

கணக்கப்பிள்ளை முதலில் பேசினார். கொழுந்து குறைந்தது, ஓடினதுதான் மிச்சம், அப்படியிருந்தும் ஒரு பிள்ளை சாகக் கிடந்தது, பழைய சிவப்பே போதும் என்றார். பல பேர் தலையாட்டினார்கள். அப்போது மதினி மகளைத் தோளில் சாத்திக்கொண்டு எழுந்தாள்.

"துணியில குத்தமில்லீங்க ஐயா. போனவ திரும்பி வரல. அதான் குத்தம்."

என்னைப் பார்க்கவில்லை. பேரும் சொல்லவில்லை. மருந்தய்யா என்னிடம் கொப்பியை வாசிக்கச் சொன்னார். எழுந்து நின்று முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். அந்த நாளின் பக்கம் வந்ததும் நிறுத்தினேன். நான் பேசாமல் உட்கார்ந்துவிட்டால் புதுச் சட்டம்தான் குற்றவாளி ஆகும், சிவப்பு திரும்பி வரும், என் மேல் பேச்சு தங்காது. அது எனக்குத் தெரிந்தது. அடுத்த மூட்டத்தில் என் பிள்ளைக்கு இழுப்பு வந்தால் பழையபடி ஒன்பதரைக்குத்தான் வருவேன் என்பதும் தெரிந்தது.

"நான் திரும்பிப் போகல," என்றேன். "ஆயா சொன்னாங்க. நான் போகல. புள்ளைக்காரி யாரு போனாலும், அவ புள்ளைக்கு ஒண்ணுன்னா மேல வர மாட்டா. புள்ள இல்லாதவங்க போனா வருவாங்க."

அவ்வளவு பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். பேசி முடித்த பிறகுதான் என்ன பேசினேன் என்று எனக்கே புரிந்தது. ஏனென்றால் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். பிள்ளை இல்லாதவள் எங்கள் மலையில் ஒருத்திதான். குமரிகளைத் தனியாக மூட்டத்தில் அனுப்ப மாட்டார்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட கிழவிகளால் ஓட முடியாது, அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

அவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். புருஷன் ஸ்டோரில் வேலை. எங்கள் லயத்தின் கடைசிக் காம்பரா அவர்களுடையது. கல்யாணமாகி எத்தனையோ வருடம், வயிறு திறக்கவில்லை. அவர் எதிரில் வந்தால் கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடுவோம். பேர் வைக்கும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டோம். பிள்ளைக்காம்பராப் படியை அவர் ஏறி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக்கூட எல்லாரும் இஸ்தோப்பில் இருக்க, அவர் கீழே வாசலில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை. மேலே வரவும் சொல்லவில்லை.

"இத்தன வருசமா இந்தப் படியப் பாத்துக்கிட்டுத்தான் போறேன்," என்றார், எழுந்திருக்காமலே. "ஓடறதுக்கு ஆளு வேணும்னதும் எம் மொகம் தெரியுதாக்கும்."

கணக்கப்பிள்ளைக்கு யோசனை பிடித்துவிட்டது. ஒருத்திதான் வேலையை விடுவாள், அவள் திரும்பியும் வருவாள். மருந்தய்யா கல்லில் இருந்தவரைப் பார்த்து, நீங்கள் போவீங்களோ என்று மரியாதையாகக் கேட்டார்.

"போறேங்க. ஆனா உள்ள போவேன். ஒவ்வொரு புள்ளையாத் தொட்டு, சுடுதா குளுருதான்னு பாப்பேன். அழுதா தூக்குவேன். வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு வரணும்னா, அதுக்கு நான் ஆளில்ல. அதுக்குச் சம்மதம்னா கை தூக்கச் சொல்லுங்க."

மருந்தய்யா கை தூக்கச் சொன்னார். ஒரு கையும் எழும்பவில்லை. என் கையும் மடியில்தான் கிடந்தது. இதைச் சொன்னவளே நான். ஆனால் அந்தக் கை என் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது கண்முன்னே வந்தது. இழுப்புப் பிள்ளை, அதன் மேல் அந்தப் பார்வையும் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை.

மதினிதான் முதலில் தூக்கினாள். "எம் மக செத்துப் பொழச்சிருக்கு. இனி யாரு தொட்டா என்ன." அதற்குப் பிறகு நான் தூக்கினேன். அப்புறம் ஒவ்வொன்றாக எழும்பின. மருந்தய்யா எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகச் சிரித்தார். கீழே கல்லில் இருந்தவர் கைகளை எண்ணவில்லை. எந்தக் கை எப்போது எழும்பியது என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

அந்த வாரமே மூட்டம் வந்தது. வெள்ளை தெரியவில்லை. கடைசிக் காம்பரா அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போனார். நான் கையில் கொழுந்தை வைத்துக்கொண்டே நின்றேன். அவர் திரும்பி வந்தது எங்களில் யாரும் வந்ததை விடச் சுருக்கு. ஒவ்வொரு நிரையாக நின்று, உன் பிள்ளை தூங்குது, உன் பிள்ளை ஈரம் பண்ணியிருந்தது மாத்திட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்து, "ஒம் மகன் கால் ஜில்லுன்னு இருந்துச்சு. துணி சுத்திட்டு வந்தேன்," என்றார். முகம் வேர்த்து, கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. அவர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

அன்று சாயந்தரம் நான் செய்ததை எழுதாமல் விட்டால் இந்தக் கொப்பியும் அந்தக் கொப்பி மாதிரிதான். பிள்ளையின் காலில் அவர் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். உப்பும் மிளகாயும் எடுத்தேன். லயத்து வாசலில் அவர் நடந்துபோன இடத்தில் குனிந்து ஒரு சிட்டிகை காலடி மண் எடுத்தேன். மூன்று தரம் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டேன். மண் எடுத்து நிமிர்ந்தபோது கடைசிக் காம்பராக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அவர் இருந்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

இருந்திருக்கிறார். அடுத்த மூட்டத்தன்று வெள்ளை தெரியவில்லை என்று எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் நகரவில்லை. என் நிரைக்கு வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

"மண்ணு எடுத்தியே, பாத்தேன். இன்னைக்கும் எடுப்பன்னா சொல்லிரு. நான் போகல."

"எடுக்க மாட்டேன்க்கா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். திரும்பி வந்து எல்லாருக்கும் சொன்னார், எனக்கும் சொன்னார். அன்று நான் மண் எடுக்கவில்லை. பயம் விட்டுப்போனதால் இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டதால்.

மூன்றாம் தரம் அவர் போன வேகத்திலேயே பனியைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். மற்ற யாரிடமும் நிற்கவில்லை. நேரே என்னிடம் வந்து, "ஓடு, ஒம் மகனுக்கு இழுக்குது, ஈரத்துணி போட்டுட்டு வந்திருக்கேன்," என்றார். நான் ஓடினேன். பின்னால் அவர் குரல் ஒவ்வொரு நிரையிலும், உன் பிள்ளை சுகம், உன் பிள்ளை சுகம் என்று சொல்லிக்கொண்டு போனது கேட்டது. அவனை நான் மருந்துக் காம்பராவில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது இழுப்பு நின்றே போயிருந்தது. ஒரு தரம்தான் இழுத்தது. அதற்கு முன்னால் எந்தத் தரமும் அவ்வளவு சீக்கிரம் அவனை மருந்தய்யாவிடம் கொண்டு சேர்த்ததில்லை. நல்ல வேளை, உடனே வந்திட்டியள் என்றார் அவர்.

சட்டம் முழுசாகச் சரியாக நடந்தது அந்த ஒரு நாள்தான். அன்றோடு அது முடிந்தது.

சாயந்தரம் பீலியில் தண்ணீருக்கு நின்றபோது பேச்சு தொடங்கிவிட்டது. ரெண்டு தரம் தூக்கினா, மூணாந்தரம் இழுத்துருச்சு பாத்தியா என்றாள் ஒருத்தி. இழுப்புப் பிள்ளையை அவளிடம் காட்டலாமா என்றாள் இன்னொருத்தி. அக்கா குடத்தோடு வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் பேசினார்கள். மதினி என்னைப் பார்த்தாள். நீதான் சொல்ல வேண்டும் என்பது மாதிரிப் பார்த்தாள். அக்கா தொடுவதற்கு வெகு நாள் முன்னாலிருந்தே என் பிள்ளைக்கு இழுப்பு உண்டு. அவர் ஓடி வந்ததால்தான் பிழைத்தான். இந்த இரண்டு வாக்கியம் போதும். இஸ்தோப்பில் கணக்கப்பிள்ளை முன்னால் வந்த வாய், பீலியில் என் கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருந்த பெண்கள் முன்னால் வரவில்லை. குடம் நிறைந்து வழிந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பெரட்டில் அக்கா கணக்கப்பிள்ளையிடம் வேறு மலைக்குப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு ஓடுவதற்கு ஆள் இல்லை. பிள்ளைக்காரிகளை முறை வைக்க யாருக்கும் மனமில்லை. சிவப்புத் துணியே போதும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். மருந்தய்யா என் கொப்பியை வாங்கி வாசித்துவிட்டு, "கொப்பியிலை எல்லாம் சரியாத்தானே கிடக்கு, பிறகேன் வேண்டாம் எண்டினம்?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாதுங்க ஐயா என்றேன்.

என் மகனுக்கு மூன்று வயதுக்கு மேல் இழுப்பு வரவில்லை. அதுவரை எத்தனை மூட்டத்தில் எத்தனை தரம் சட்டத்தை மீறி இறங்கி ஓடினேன், எத்தனை தரம் ஏச்சு வாங்கினேன் என்று எழுதி வைக்கவில்லை.

அக்கா மாறிப்போன அந்த வாரத்தில் ஒரு நாள், வேலை விட்டு வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைசிக் காம்பராவுக்குப் போனேன். முகத்தை மூடாமல் தூக்கிப் போனேன், வாசல்களில் இருந்தவர்கள் பார்க்கட்டும் என்று. அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையை அவர் பக்கம் நீட்டினேன். அவனுக்கு முகம் தெரிந்திருக்க வேண்டும். கையை நீட்டிக்கொண்டு தாவினான்.

அவர் சுளகைக் கீழே வைத்தார். கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"வேணாம்மா. நாளைக்கி இவனுக்குச் சளி புடிச்சாலும் எம் பேருதான் வரும். நீயும் பேச மாட்ட."

பிள்ளை தாவிக்கொண்டே இருந்தான். அவனைத் திருப்பித் தோளில் போட்டுக்கொண்டேன். அவர் சுளகை எடுத்துத் திரும்பவும் புடைக்கத் தொடங்கினார்.